துறை தாண்டி ஆய்வு செய்யப் போகிறீர்களா? முதல் வாரமே எளிமையாக எழுதத் தொடங்குங்கள்

இளநிலை இறுதியாண்டுத் திட்டப்பணியோ, முதுநிலை ஆய்வேடோ, முனைவர் பட்டத்தின் முதல் வருடமோ, ஏதோ ஒரு கட்டத்தில் மாணவருக்கு இப்படித் தோன்றிவிடுகிறது: "என் துறையை மட்டும் வைத்துக்கொண்டு இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது போலிருக்கிறதே." நல்ல எண்ணம்தான். ஆனால் துறையிடை ஆய்வு என்ற பெயரில் வருபவற்றில் பல, இரண்டு துறைக்காரர்கள் தனித்தனியாக எழுதிய அத்தியாயங்களை ஒரே அட்டைக்குள் வைத்துத் தைத்தவை. அதைப் பல்துறைத் தொகுப்பு என்று சொல்லலாம். அதில் தப்பில்லை, ஆனால் அது வேறு வேலை. ஒரு துறையின் கருவி இன்னொரு துறையின் கேள்விக்குள் நுழைந்து, அந்தக் கேள்வியையே கொஞ்சம் திருத்திவிட்டால்தான் துறையிடை ஆய்வு நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

வேலையை வரிசையாகச் சொல்கிறேன். அதற்கு முன் ஒரு விஷயம். எளிமையாக எழுதிப் பகிர்வதை எல்லாம் முடிந்த பிறகு செய்யும் விளம்பர வேலையாக நினைத்துப் பலர் தள்ளிப்போடுகிறார்கள். துறையிடை ஆய்வில் அதை முதல் வாரமே தொடங்க வேண்டும். உங்கள் துறையைப் படிக்காத ஒருவருக்காக ஒரு பத்தி எழுத உட்காருங்கள். உங்கள் துறை யாரையும் கேட்காமல் ஏற்றுக்கொண்டிருக்கும் விஷயங்கள் ஒவ்வொன்றாக உங்கள் கண்ணிலேயே படும். இப்படிப்பட்ட ஆய்வில் மாணவருக்குக் கிடைக்கும் பெரிய லாபம் அதுதான் என்பது என் எண்ணம். பட்டமும் கட்டுரையும் அதற்கு அடுத்துத்தான்.

கட்டுரை முழுவதற்கும் ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம். கல்வியியல் மாணவி ஒருவர் கேட்கிறார்: வகுப்பறை இரைச்சல் பிள்ளைகளின் வாசிப்பைப் பாதிக்கிறதா? இயற்பியலின் ஒரு கிளையான ஒலியியல் இல்லாமல் அவரால் ஓர் அடி நகர முடியாது.

1. கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

"இயற்பியலையும் கல்வியியலையும் இணைத்து ஏதாவது செய்யலாம்" என்று தொடங்குபவர்கள் பாதி வழியில் திணறுவார்கள். துறைகளை முடிவு செய்துவிட்டுக் கேள்வி தேடக்கூடாது. கேள்வியை எழுதுங்கள். பிறகு அதிலிருந்து ஒரு துறையை மனதுக்குள் எடுத்துவிட்டுப் பாருங்கள். கேள்வி அப்படியே நிற்கிறதென்றால் உங்களுக்கு இரண்டாவது துறை தேவையில்லை; வீணாக இழுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

கேள்வி சின்னதாக இருக்கட்டும். இதற்கு நான் எப்போதும் சுட்டிக்காட்டுவது அல்வாரெஸ் குடும்பத்தின் கதையை. நிலவியலாளரான வால்டர் அல்வாரெஸ், இத்தாலியின் குப்பியோ நகருக்கு அருகே சுண்ணாம்புப் பாறை அடுக்குகளுக்கு நடுவில் ஒரு மெல்லிய களிமண் படலத்தைப் பார்த்தார். படலத்துக்குக் கீழே நிறைய இருந்த நுண்ணிய கடல் உயிரிகளின் புதைபடிவங்களில் பெரும்பாலானவை மேலே காணவில்லை. அவர் கேட்டது இவ்வளவுதான்: இந்தக் களிமண் படிய எத்தனை காலம் ஆகியிருக்கும்? டைனோசர்கள் ஏன் அழிந்தன என்ற பெரிய கேள்வியோடு அவர் கிளம்பவில்லை.

அவருடைய தந்தை லூயிஸ் அல்வாரெஸ் இயற்பியலாளர். 1968-இல் நோபல் பரிசு பெற்றவர். பெரிலியம்-10 என்ற கதிரியக்க ஐசோடோப்பைக் (ஒரு தனிமத்தின் அணு வகை) கடிகாரமாகப் பயன்படுத்தலாம் என்பது அவருடைய முதல் யோசனை. அதன் அரை ஆயுள் பற்றி அச்சில் இருந்த மதிப்பு தவறு என்று தெரிந்ததும் அதைக் கைவிட்டார்கள். அடுத்தது இரிடியம். புவியின் மேலோட்டில் இது மிகவும் அரிது. விண்வெளியிலிருந்து விழும் தூசியில் ஓரளவு உண்டு. அந்தத் தூசி சீராக விழுகிறது என்று வைத்துக்கொண்டால், இரிடியத்தின் அளவைக்கொண்டு காலத்தைக் கணக்கிடலாம். அணுக்கரு வேதியியலாளர்களான ஃபிராங்க் அசாரோவும் ஹெலன் மைக்கேலும் அளந்து கொடுத்தார்கள். வந்த அளவு வழக்கத்தைப்போல் சுமார் 30 மடங்கு. கடிகாரமாக அது உதவவில்லை. ஆனால் இவ்வளவு இரிடியம் எங்கிருந்து வந்தது என்று கேட்கவைத்தது. 1980-இல் நால்வரும் சேர்ந்து எழுதிய கட்டுரை, இந்த இரிடியத்துக்கும் டைனோசர்களின் அழிவுக்கும் ஒரு சிறுகோள் பூமியில் மோதியதே காரணம் என்றது. மெக்சிகோவின் யுகடான் தீபகற்பத்தில் புதைந்திருக்கும் பள்ளம்தான் அந்த மோதலின் தடம் என்று 1991-இல் அடையாளம் காட்டப்பட்டது.

முதல் கேள்வி அளந்து பார்க்கக்கூடிய அளவுக்குச் சின்னதாக இருந்ததால்தான் அது தப்பாகப் போனதே தெரிந்தது. நம் மாணவியின் கேள்வியும் அப்படிச் சுருங்க வேண்டும்: "ஆள் இல்லாத நேரத்தில் இரைச்சல் அதிகமாக இருக்கும் வகுப்பறைகளில் படிக்கும் 4-ஆம் வகுப்பு மாணவர்கள், ஒரு நிமிடத்தில் வாய்விட்டு வாசிக்கும் சொற்களின் எண்ணிக்கை மற்ற அறை மாணவர்களைவிடக் குறைவா?" பார்க்க அழகாக இல்லை. பரவாயில்லை, இதை அளக்கலாம்.

2. ஒரு துறையில் மட்டும் ஆழமாக இருங்கள்

ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்பார்களே, அந்த நிலைமைக்குப் போய்விடாதீர்கள். ஒரு துறை உங்களுடையது. அதில் உங்களை யாரும் அசைக்க முடியாத அளவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இன்னொன்றில், ஒரு கட்டுரையின் ஆய்வுமுறைப் பகுதியை வாசித்துப் புரிந்துகொள்ளவும், அந்தத் துறைக்காரரிடம் உருப்படியாக ஒரு கேள்வி கேட்கவும் தெரிந்தால் போதும். இரண்டிலும் நிபுணராகிவிடுவேன் என்று கிளம்பினால் இருக்கிற காலம் போதாது.

நெறியாளர் உங்கள் துறையிலிருந்து இருக்கட்டும். இணை நெறியாளர் மற்ற துறையிலிருந்து வந்தால் நல்லது. அது சாத்தியமில்லையென்றால், மாதம் ஒருமுறையாவது உங்கள் வேலையைப் பார்த்துக் கருத்துச் சொல்ல அந்தத் துறையில் ஒருவரை முதலிலேயே பேசி வைத்துவிடுங்கள். ஆய்வேட்டை எந்தத் துறைக்கு, எந்த வடிவத்தில் சமர்ப்பிக்க வேண்டும் என்பதை அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சலிப்பான வேலைதான். கடைசி மாதத்தில் இதனால் அலைபவர்களைப் பார்த்தால் புரியும்.

3. மற்ற துறையை வாசிப்பது

புதிய துறைக்குள் போகும்போது அன்றைக்கு வந்த ஆய்வுக் கட்டுரையை எடுக்காதீர்கள். இளநிலைப் பாடநூலில் ஓர் அத்தியாயம், அப்புறம் அந்தத் தலைப்பில் வந்த மதிப்பாய்வுக் கட்டுரை ஒன்று, அதற்குப் பிறகு தனிக் கட்டுரைகள். இந்த வரிசையை மாற்றினால் நேரம்தான் வீணாகும்.

தேடும்போது ஒரு சிக்கல் வரும். உங்களுக்குத் தெரிந்த சொல்லைப் போட்டுத் தேடினால் உங்கள் துறையின் கட்டுரைகளே திரும்பத் திரும்ப வரும். கல்வியியல் மாணவி 'இரைச்சல்' என்று ஒரே சொல்லில் சொல்வதை ஒலியியல்காரர் குறைந்தது இரண்டாகப் பிரிக்கிறார். ஒன்று, ஆசிரியர் பேசாதபோதும் அறையில் இருக்கும் பின்னணி ஒலி. இன்னொன்று எதிர்முழக்கம்: பேச்சு நின்ற பிறகும் சுவரிலும் கூரையிலும் மோதி ஒலி நீடித்துக்கொண்டிருப்பது. ஒலிமட்டம் 60 டெசிபல் குறைய ஆகும் நேரத்தை எதிர்முழக்க நேரம் என்கிறார்கள். அமைதியான தெருவில் உள்ள பள்ளியிலும் எதிர்முழக்கம் நீண்டால் கடைசி வரிசைப் பிள்ளைக்கு ஆசிரியர் சொல்வது தெளிவாகக் கேட்காது. இந்தப் பிரிவினை தெரியாமல் அளக்கப் போனால் தப்பான பொருளை மிகச் சரியாக அளந்துகொண்டு வருவோம்.

இதைக் கணக்குக்குள் கொண்டுவந்தவர் வாலஸ் சபைன். ஹார்வர்டில் இளம் இயற்பியல் ஆசிரியராக இருந்தபோது, யார் பேசினாலும் புரியாத ஒரு விரிவுரை அரங்கைச் சரிசெய்யும் வேலை 1895-இல் அவரிடம் வந்தது. ஊரடங்கிய நேரத்தில், பக்கத்து அரங்கத்தின் இருக்கை மெத்தைகளைத் தூக்கிவந்து ஒவ்வொன்றாக அடுக்கினார். ஓர் இசைக்குழாயை ஊதவிட்டு நிறுத்தி, ஒலி காதுக்கு மறைய எத்தனை நொடி ஆகிறது என்று குறித்தார். காலி அரங்கில் சுமார் 5.5 நொடி. இப்படிப் பிறந்த சூத்திரம் இன்றும் பாடநூலில் இருக்கிறது: அறையின் கன அளவை 0.161 என்ற எண்ணால் பெருக்கி, மொத்த ஒலி உறிஞ்சலால் வகுத்தால் எதிர்முழக்க நேரம் நொடியில் கிடைக்கும். கட்டடக் கலையின் தொல்லை ஒன்றை இயற்பியல்காரர் மெத்தை சுமந்து தீர்த்துவைத்த கதை இது. பாடநூல் அத்தியாயத்தில் இப்படி ஒன்றிரண்டு வரலாறு கிடைத்தால் தாண்டிப் போகாதீர்கள். ஒரு துறை எதற்காக இப்படி அளக்கிறது என்பது அங்கேதான் விளங்கும்.

வாசித்தவற்றைச் சேர்த்துவைக்க சோட்டெரோ போன்ற இலவச மென்பொருள் ஒன்றை முதல் நாளே நிறுவிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கட்டுரைக்கும் மூன்று வரி: என்ன கேட்டார்கள், எப்படி அளந்தார்கள், எதை அளக்கவில்லை. மூன்றாவது வரிதான் பின்னால் உங்களுக்குச் சோறு போடும்.

4. அங்கே எதைச் சான்றாக எடுத்துக்கொள்கிறார்கள்?

புதியவர்கள் அதிகம் இடறுவது இங்கேதான். அதிகம் கற்றுக்கொள்வதும் இங்கேதான். துகள் இயற்பியலில் ஒரு கண்டுபிடிப்பை அறிவிக்க ஐந்து சிக்மா வேண்டும். அப்படி ஒரு துகளே இல்லாதபோது தற்செயலாக இவ்வளவு வலுவான அறிகுறி வருவதற்கான வாய்ப்பு சுமார் 35 லட்சத்தில் ஒன்று. ஹிக்ஸ் துகளை 2012-இல் இந்த அளவுகோலை எட்டிய பிறகே அறிவித்தார்கள். உளவியலிலும் மருத்துவத்திலும் நெடுங்காலமாக 20-இல் ஒன்று என்ற எல்லையே வழக்கம். கணிதக்காரருக்கு லட்சம் உதாரணம் காட்டினாலும் நிரூபணம் இல்லாவிட்டால் அது வெறும் ஊகம். வரலாற்றாசிரியர் அந்தக் காலத்து ஆவணத்தைக் கேட்பார்; கொடுத்தால், அதை எழுதியவருக்கு அதில் என்ன லாபம் என்று அடுத்துக் கேட்பார்.

இவர்களில் யார் கறாரானவர், யார் தளர்வானவர் என்று தரம் பிரிக்க அவசரப்படாதீர்கள். கோடிக்கணக்கான மோதல்களை மறுபடி மறுபடி நடத்தக்கூடிய இடத்தில் ஐந்து சிக்மா கேட்கலாம். ஒரு பள்ளியில் 30 பிள்ளைகளை வைத்துக்கொண்டு அதைக் கேட்டால் ஆய்வே நடக்காது. ஒவ்வொரு துறையின் அளவுகோலும் அந்தத் துறைக்கு எது கிடைக்கும், எது கிடைக்காது என்பதிலிருந்து வந்தது. இது ஒருமுறை உறைத்துவிட்டால், "அவர்கள் செய்வது ஆய்வே இல்லை" என்ற பேச்சு உங்கள் வாயிலிருந்து வராது.

செய்ய வேண்டியது: ஒரு தாளை நடுவே கோடு போட்டுப் பிரியுங்கள். "என் முடிவை என் துறைக்காரர் நம்ப என்ன வேண்டும்?" என்று இடப்பக்கம், "மற்றத் துறைக்காரர் நம்ப என்ன வேண்டும்?" என்று வலப்பக்கம். வலப்பக்கத்தை நீங்களே ஊகித்து நிரப்பாதீர்கள். அந்தத் துறைக்காரரிடம் காட்டி நிரப்புங்கள்.

5. கேட்கப் பழகுங்கள்

முன்பின் தெரியாத பேராசிரியருக்கு எழுதத் தயங்கும் மாணவர்கள் அதிகம். "உங்கள் துறை பற்றி அறிய ஆவலாக உள்ளேன்" என்று எழுதினால் பதில் வராது. அவர் என்னதான் பதில் சொல்வார்? இப்படி எழுதிப் பாருங்கள்:

"மதிப்பிற்குரிய பேராசிரியருக்கு, வணக்கம். நான் கல்வியியல் முதுநிலை மாணவி. வகுப்பறை இரைச்சலுக்கும் வாசிப்பு வேகத்துக்கும் உள்ள தொடர்பை ஆய்வு செய்கிறேன். 12 அறைகளில் எதிர்முழக்க நேரத்தை அளக்க வேண்டியிருக்கிறது. காலி அறையில் அளந்தால் போதுமா, பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும்போதும் அளக்க வேண்டுமா என்பதில் எனக்குத் தெளிவில்லை. பாடநூலின் அத்தியாயத்தைப் படித்துவிட்டேன். அதில் காலி அறைக்கான முறை மட்டுமே இருக்கிறது. உங்களுக்கு வசதியான ஒரு நாளில் பத்து நிமிடம் நேரில் வந்து கேட்கலாமா?"

யார், எதற்கு, எங்கே சிக்கியிருக்கிறேன், ஏற்கெனவே என்ன செய்து பார்த்தேன், எவ்வளவு நேரம் வேண்டும். ஐந்தும் இருந்தால் பதில் வரும் வாய்ப்பு அதிகம். (மனித உடலும் ஒலியை உறிஞ்சும் என்பதால் அந்தக் கேள்வி உண்மையிலேயே நல்ல கேள்வி.)

நீங்கள் சொல்வதை ஒத்துக்கொள்ளாதவரிடமும் போங்கள். லண்டனில் 1854-இல் காலரா பரவியபோது, பிராட் தெருவின் அடிகுழாய்த் தண்ணீர்தான் காரணம் என்று மருத்துவர் ஜான் ஸ்னோ சொன்னதை அந்தப் பகுதியின் பாதிரியார் ஹென்றி வைட்ஹெட் நம்பவில்லை. தப்பென்று காட்டவே வீடு வீடாகப் போனார். அந்த மக்களை நன்கு தெரிந்தவர் என்பதால் மருத்துவருக்குக் கிடைக்காத விவரங்கள் அவருக்குக் கிடைத்தன. கடைசியில், அந்த அடிகுழாயின் கிணற்றுக்குப் பக்கத்து வீட்டில் முதலில் நோயுற்ற குழந்தையைக் கண்டுபிடித்து ஸ்னோவின் வாதத்துக்கு வலு சேர்த்தவரும் அவரேதான்.

6. அளக்கும்போது இரு பக்கமும் கவனியுங்கள்

நம் மாணவி ஓர் அறையில் அளக்கிறார். பாதி நேரம் 60 டெசிபல், பாதி நேரம் 80 டெசிபல். சராசரி எவ்வளவு? 70 என்று எழுதத்தான் கை போகும். ஆனால் டெசிபல் மடக்கை அளவுகோலில் அமைந்தது. 80 டெசிபலில் இருக்கும் ஒலி ஆற்றல் 60 டெசிபலில் இருப்பதைப்போல் 100 மடங்கு. இரண்டையும் ஆற்றலாக மாற்றிச் சராசரி எடுத்து, மறுபடி டெசிபலுக்குக் கொண்டுவந்தால் சுமார் 77 வரும். சின்ன வித்தியாசமாகத் தெரியும். ஆற்றல் கணக்கில் அது ஐந்து மடங்கு. இந்தப் பிழையோடு கட்டுரை போனால் ஒலியியல்காரர் இரண்டாம் பக்கத்திலேயே மூடிவைத்துவிடுவார்.

அதே ஆய்வை இயற்பியல் மாணவர் ஒருவர் செய்கிறார் என்று வையுங்கள். டெசிபல் கணக்கில் தவற மாட்டார். ஒரே வகுப்பின் 30 பிள்ளைகளை 30 தனித்தனி அளவீடுகளாக எடுத்துக்கொள்வார். அந்த முப்பது பேருக்கும் ஆசிரியர் ஒருவர்தான், அறை ஒன்றுதான், பாடவேளையும் ஒன்றுதான். நல்ல ஆசிரியர் ஒருவரால் முப்பது எண்ணும் ஒன்றாக உயரும். வகுப்புகளின் எண்ணிக்கையைக் கணக்கில் கொள்ளாமல் பிள்ளைகளின் எண்ணிக்கையை மட்டும் காட்டினால், இருப்பதைவிட அதிக உறுதியோடு பேசியதாகிவிடும். கல்வியியலில் இதற்கென்றே அடுக்குநிலைப் பகுப்பாய்வு முறைகள் இருக்கின்றன.

இன்னும் சில நடைமுறை விஷயங்கள். கைப்பேசிச் செயலிகள் ஒப்பீட்டுக்கு உதவும். அவை காட்டும் டெசிபலை அப்படியே அறிக்கையில் போடாதீர்கள், அளவுத்திருத்தம் செய்த கருவியை ஆய்வகத்தில் இரவல் கேளுங்கள். ஒப்பிட ஓர் எல்லை வேண்டுமென்றால், உலக சுகாதார நிறுவனத்தின் 1999 வழிகாட்டுதல் வகுப்பறைக்குப் பின்னணி ஒலி 35 டெசிபல், எதிர்முழக்க நேரம் சுமார் 0.6 நொடி என்று வைக்கிறது.

பிள்ளைகளிடம் தேர்வு நடத்துவதற்கு முன் நெறிமுறைக் குழுவின் அனுமதியும் பெற்றோரின் சம்மதமும் கட்டாயம். இயற்பியல் ஆய்வகத்திலிருந்து வருபவர்களுக்கு இது புதிதாக இருக்கும். அனுமதி கிடைக்கும்வரை ஒரு தரவும் சேகரிக்கக்கூடாது. அதற்கான காலத்தைத் திட்டத்தில் தாராளமாக ஒதுக்கிவையுங்கள்.

7. பெயர் வரிசையை முதலிலேயே பேசிவிடுங்கள்

கூச்சப்பட்டுத் தள்ளிப்போட்டால் நட்பே முறியும். கணிதத்தில் ஆசிரியர் பெயர்களை அகரவரிசையில் போடுவது வழக்கம். உயிரியலில் அதிகம் உழைத்தவர் முதலில், ஆய்வகத் தலைவர் கடைசியில். அகரவரிசைக்குப் பழகியவருக்குக் கடைசிப் பெயரின் மதிப்பு தெரியாது. உயிரியல்காரருக்கு அகரவரிசையே தன்னை ஓரங்கட்டியதாகத் தோன்றலாம். எந்தத் துறையின் இதழுக்கு அனுப்பப் போகிறோம், அங்கே வழக்கம் என்ன, யார் பெயர் எங்கே என்று தொடக்கத்திலேயே ஒரு மின்னஞ்சலில் எழுதி எல்லோரிடமும் "சரி" வாங்கிவிடுங்கள். யார் என்ன செய்தார் என்பதைத் தனியாகக் குறிக்க 14 பங்களிப்பு வகைகள் கொண்ட 'கிரெடிட்' என்ற பட்டியல் இருக்கிறது; பல இதழ்கள் அதைக் கேட்கின்றன.

8. ஒரு பக்கத்தில் எழுதுங்கள், மாதாமாதம் திருத்துங்கள்

முதல் வாரத்திலேயே, முடிவு ஒன்றும் இல்லாதபோதே, ஒரு பக்கம் எழுதுங்கள். என்ன கேட்கிறேன், ஏன், எப்படிக் கண்டுபிடிக்கப் போகிறேன், எது தப்பாகப் போகலாம். இரண்டு துறையிலும் இல்லாத ஒருவர் வாசித்துப் புரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு மாதமும் தேதி போட்டுப் புதிய பிரதி எழுதுங்கள், பழையதை அழிக்காதீர்கள். எந்த வாக்கியத்தை எளிமையாக எழுத வரவில்லையோ, அங்கே பெரும்பாலும் மொழி காரணமாக இருக்காது. அந்த இடம் உங்களுக்கே இன்னும் புரியவில்லை.

எளிமை என்ற பெயரில் என்ன கெட்டுப்போகும் என்பதையும் பார்த்துவிடுவோம். ஆய்வேட்டு நடையில் ஒரு வாக்கியம்: "பின்னணி ஒலிமட்டத்திற்கும் வாய்மொழி வாசிப்புச் சரளத்திற்கும் இடையே புள்ளியியல் ரீதியில் குறிப்பிடத்தக்க எதிர்மறைத் தொடர்பு அவதானிக்கப்பட்டது." இதை எளிமையாக்கச் சொன்னால் பலர் எழுதுவது: "இரைச்சல் குழந்தைகளின் வாசிப்பைக் கெடுக்கிறது." புரிகிறது, ஆனால் பொய். தொடர்பு என்றது காரணமாகிவிட்டது. ஒரு சில அறைகளில் பார்த்தது உலகத்துக்கே பொருந்துவதாகிவிட்டது.

இப்படி எழுதலாம்: "நாங்கள் பார்த்த 12 அறைகளில், இரைச்சல் கூடுதலான அறைகளின் மாணவர்கள் ஒரு நிமிடத்தில் சற்றுக் குறைவான சொற்களை வாசித்தார்கள். இரைச்சல்தான் காரணம் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. சாலையோர அறைகளை எந்த வகுப்புக்கு ஒதுக்குகிறார்கள் என்பதும் காரணமாக இருக்கலாம்." நீளம் கூடிவிட்டது. கூடட்டும். கடினமான சொற்கள் போய்விட்டன, எச்சரிக்கை அப்படியே இருக்கிறது. எளிமையான எழுத்து சின்னதாகத்தான் இருக்க வேண்டும் என்று யாரும் விதி போடவில்லை.

எழுதியதை ஒருவருக்கு வாசித்துக்காட்டுங்கள். "புரிந்ததா?" என்று கேட்காதீர்கள்; மரியாதைக்குப் "புரிந்தது" என்றுதான் சொல்வார்கள். "நான் சொன்னதை நீங்கள் ஒருமுறை சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அவர் எதை விட்டுவிட்டார், எதை மிகைப்படுத்தினார் என்று குறித்துக்கொண்டால் அடுத்த திருத்தத்துக்கு வேறு ஆலோசகர் வேண்டாம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் 2008-இல் தொடங்கிய 'மூன்று நிமிட ஆய்வேடு' போட்டி இப்போது பல நாடுகளில் நடக்கிறது: மூன்று நிமிடம், அசையாத ஒரே ஒரு படம். மேடை ஏறாவிட்டாலும் அந்த விதிகளை வைத்து வீட்டில் பேசிப் பாருங்கள்.

இந்த உதாரணத்தை நான் எடுத்ததற்கே காரணமான ஆய்வு ஒன்று உண்டு. நியூயார்க்கில், மேம்பாலத்தில் ஓடும் ரயில் பாதைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பள்ளியைச் சூழல் உளவியலாளர் ஆர்லின் பிரான்சாஃப்ட் தன் சக ஆய்வாளரோடு ஆராய்ந்து 1975-இல் வெளியிட்டார். ஒரே பள்ளி, பாதையோரம் இருக்கும் அறைகளையும் எதிர்ப்பக்கத்து அமைதியான அறைகளையும் ஒப்பிட்டார். ஒரே பள்ளிக்குள் ஒப்பிட்டதால் "அந்தப் பகுதிப் பிள்ளைகள் வேறு மாதிரி" என்ற வாதத்துக்கு இடம் குறைந்தது. ரயில் பக்கத்தில் படித்தவர்கள் 6-ஆம் வகுப்பில் ஏறக்குறைய ஓர் ஆண்டு வாசிப்பில் பின்தங்கியிருந்தார்கள். அந்த "ஓர் ஆண்டு" என்பதைக் கவனியுங்கள். மதிப்பெண் சராசரியும் திட்டவிலக்கமும் சொல்லியிருந்தால் எத்தனை பெற்றோருக்குப் புரிந்திருக்கும்? ஓர் ஆண்டு என்றால் எல்லோருக்கும் தெரியும். அவர் அதிகாரிகளிடமும் பேசினார். தண்டவாளத்துக்கு அடியில் ரப்பர் பட்டைகள் வைக்கப்பட்டன. வகுப்பறைக் கூரைகளில் ஒலி உறிஞ்சும் பலகைகள் பொருத்தப்பட்டன. பிறகு மறுபடி போய் அளந்து 1981-இல் எழுதினார்: இரு பக்கப் பிள்ளைகளுக்கும் இடையே இருந்த வித்தியாசம் மறைந்திருந்தது.

9. யாருக்கு, எங்கே பகிர்வது

உங்களுக்கு நேரம் கொடுத்தவர்களுக்கு முதலில். அளக்க அனுமதித்த பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு பக்கச் சுருக்கத்தை நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, கேள்வி கேட்க விடுங்கள். எந்தப் பள்ளி பின்தங்கியது என்று மற்றவர்கள் ஊகிக்கும்படி எதுவும் அதில் இருக்கக்கூடாது. பிறகு இரண்டு துறைகளின் கருத்தரங்குகள். ஒரே உரையை இரண்டு இடத்திலும் படிக்காதீர்கள். ஓரிடத்தில் டெசிபல் கணக்கை விளக்க வேண்டியிருக்கும், இன்னோரிடத்தில் அது எல்லோருக்கும் தெரிந்தது.

தரவையும் கருவிப் பட்டியலையும், ஐரோப்பியத் துகள் இயற்பியல் ஆய்வகமான செர்ன் நடத்தும் செனோடோ போன்ற பொதுக் களஞ்சியத்தில் வைக்கலாம். நிரந்தர அடையாள எண் கிடைக்கும். ஆனால் பிள்ளைகளின் விவரம் எந்த வடிவிலும் போகக்கூடாது. சம்மதப் படிவத்தில் பொதுவில் வைப்பது பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள். இதழுக்கு அனுப்புமுன் முன்பதிப்பாக வெளியிடும் எண்ணம் இருந்தால் நெறியாளரிடமும் இதழின் விதிகளிலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாய்மொழித் தேர்வில் "இதில் உங்கள் துறை எது?" என்ற கேள்வி கட்டாயம் வரும். சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்: "நான் கல்வியியல் மாணவி. ஒலியியலில் இந்த இரண்டு அளவீடுகளை மட்டும் பயன்படுத்தினேன். அவற்றை இன்னாரிடம் சரிபார்த்தேன். இந்த மூன்றாவது விஷயம் என் ஆய்வின் எல்லைக்குள் இல்லை." எல்லையைத் தானே சொல்லிவிடுபவரைத் தேர்வாளர்கள் அதிகம் குடைவதில்லை. மாதாமாதம் எழுதிவந்த ஒரு பக்கப் பிரதிகளையும் கூடவே எடுத்துப்போங்கள். கேள்வி எப்போது, எந்த அளவீட்டுக்குப் பிறகு மாறியது என்று கேட்டால் தேதியோடு காட்டலாம்.

வெளியான பிறகு யாராவது பிழை சுட்டிக்காட்டினால், முதலில் அவர் எந்தத் துறையிலிருந்து பேசுகிறார் என்று பாருங்கள். சில சமயம் பிழை இருக்காது, அவருடைய துறையின் வழக்கம் வேறாக இருக்கும். உண்மையிலேயே பிழை என்றால் நன்றி சொல்லி, எதை ஏன் திருத்தினீர்கள் என்று இரண்டு வரி எழுதி, தேதியோடு புதிய பதிப்பை ஏற்றுங்கள். செனோடோவில் ஒவ்வொரு பதிப்புக்கும் தனி அடையாள எண் உண்டு, பழையதும் அப்படியே இருக்கும். பள்ளி ஆசிரியர்களிடம் கொடுத்த சுருக்கத்திலும் அந்தத் திருத்தத்தைச் செய்து, இன்னொரு பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.